விதை முற்றும் வரை

சவரிநாதனுக்கு உரிமையுள்ள ஒரே நிலம் ஆறடிக்கு மூன்றடி. அதற்குள் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். தாத்தாவும் பாட்டியும் அடியில், அவர்களுக்கு மேல் அப்பா, எல்லோருக்கும் மேல் அம்மா. இராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கும் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் இப்படித்தான் இடம். ஒருவரைப் புதைத்துப் பதினான்கு வருடம் கழிந்தால் அதே குழியைத் திறந்து அடுத்தவரை இறக்கலாம். கல்மண்டபம் பகுதியில் அவர் குடியிருந்த இரண்டாம் மாடி வாடகை வீட்டில் ஒரு ரோஜாத் தொட்டி வைக்கவும் அனுமதியில்லை. தண்ணீர் ஒழுகிச் சுவர் கெட்டுவிடும் என்பது வீட்டுக்காரரின் கவலை. ஆகவே துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் ஓட்டிய மனிதர், தோட்டம் போடும் ஆசையை அம்மாவின் மேல் தீர்த்துக்கொண்டார்.

நட்டது ஒரே செடி. 2008இல் அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து திரும்பும்போது, டோல்கேட் பக்கம் சாலையோரத்தில் தொட்டிச்செடி விற்பவரிடம் ‘பொம்மைப் பனை’ என்று வாங்கியது. அது பனை இல்லை, சைகஸ் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு வருடம் ஆயிற்று. பனைக்குப் பூ உண்டு, இதற்குப் பூவே கிடையாது. பூ என்ற ஏற்பாடு உலகத்தில் வருவதற்கு முன்பே வந்த இனம். இதைப் படித்த நாளிலிருந்து அவர் சற்று நிமிர்ந்து நடந்தார், அந்த இனத்தைத் துவக்கிவைத்ததே தான்தான் என்பதுபோல.

“டைனோசருக்கு முன்னாடிலேந்து இருக்குது,” என்று கல்யாண வீடுகளில் சொல்வார். கேட்டவர்கள் பந்திக்கு எழுந்து போவார்கள்.

அவர் மனைவி மெர்லின் ஒருநாள் கைபேசியில் தேடிப் பார்த்தாள். “சாதி பழசுதாங்க. ஆனா இப்ப கீற வகைங்கள்லாம் பத்துப் பன்னெண்டு மில்லியன் வருசத்துக்குள்ள பிரிஞ்சி வந்ததாம். டைனோசர் செத்து எம்மாங்காலம் கழிச்சி. உங்க மரத்துக்கு டைனோசரு யாருன்னே தெரியாது.”

சவரிநாதன் சாப்பிட்டு முடித்தார். கை கழுவி வந்து, “பத்து மில்லியன்னா கம்மியா?” என்றார்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, ஊரே மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாக வரும். அவர் மட்டும் ஒரு பழைய பல்துலக்கியோடு வருவார். இலைகளின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில்பூச்சியைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தெடுப்பார். இரண்டு மணி நேரம், முழங்காலிட்டு. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்து, “பாரு, செத்துப்போன அம்மா மேல எவ்ளோ பாசம்,” என்று காட்டுவார்கள். சவரிநாதன் மறுத்ததில்லை. தவறான காரணத்துக்குக் கிடைத்தாலும் மரியாதை மரியாதைதான்.

குழி தோண்டும் அலெக்ஸாண்டருக்கு மட்டும் உண்மை தெரியும். “உரம் எதுனா போடறியா சார்? இப்டி தளதளன்னு கீது,” என்று ஒருமுறை கேட்டான்.

“இதுக்கு உரமே வேணாம். மண்ணுக்கு மேல பவளம் மாதிரி வேரு தெரியுது பாரு, அதுக்குள்ள ஒரு பாசி குடியிருக்குது. காத்துலேந்து சத்தப் புடிச்சி மரத்துக்குக் குடுக்கும்.”

“அதுவும் சரிதான். அப்பால கீழ நாலு பேரு வேற கீறாங்க,” என்றான் அலெக்ஸாண்டர்.

சைகஸில் ஆண் தனி மரம், பெண் தனி மரம். பருவத்துக்கு வரும்வரை எது எது என்று எந்த மேதையாலும் சொல்ல முடியாது. பதினாறு வருடம் காத்திருந்தபின், 2024 பிப்ரவரியில், குருத்தின் நடுவில் பழுப்பு வெல்வெட்டில் செய்த இறகுகள்போல ஒரு வட்டம் எழுந்தது. ஒவ்வோர் இறகின் இரு ஓரத்திலும் சின்னச் சின்ன முட்டைகள். பெண். சவரிநாதன் தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றார். தன் கல்யாணத்தில்கூட அவர் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை என்று மெர்லின் பிற்பாடு சொன்னாள்.

மகரந்தம் எண்ணூரிலிருந்து வந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையின் விருந்தினர் விடுதித் தோட்டத்தில் ஓர் ஆண் மரம் கூம்பு வைத்திருந்தது. அந்தக் கூம்பைத்தான் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்பார்கள், ஆண்மைக்கு. ஆகவே காவலாளி தாவூதிடம் போய் அதன் தூள் கொஞ்சம் வேண்டும் என்றபோது, அவர் சவரிநாதனின் நரையை இரக்கத்தோடு பார்த்தார்.

“இந்த வயசுலயா பாய்?”

“எனக்கு இல்ல. எங்கம்மா மேல கீறதுக்கு.”

தாவூது அவசரமாகப் போய்த் தூளை உதிர்த்துவந்தார். ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு வாயிற்கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று நாள், காலையில், பிள்ளைகள் வண்ணம் தீட்டும் தூரிகையால் தூளைத் தடவினார். இனி பத்து மாதம். ஜனவரியில் விதை முற்றும். அதுவரை அந்த மண்ணை யாரும் தொடக்கூடாது. இடமாற்றினால் காய் உதிர்ந்துவிடும். உதிராவிட்டாலும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏப்ரலில் ஒருநாள் கொருக்குப்பேட்டையிலிருந்து போன் வந்தது. பேசியது கோவிந்தம்மா. சவரிநாதனின் அத்தை அடைக்கலமேரிக்கு அடுத்த அறைக்காரி, மீன் விற்பவள்.

“அண்ணே, உங்க அத்த பாத்ரூம்ல வயிக்கி வியுந்துட்டாங்க. ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல. எனக்கு என்னமோ ரொம்ப நாளு தாங்காதுன்னு தோணுது.”

சவரிநாதனின் மனத்தில் முதலில் வந்தது அத்தையின் முகம் அல்ல, அலெக்ஸாண்டரின் கடப்பாரை. அப்பாவின் தங்கை, எண்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர். ஆகவே பெற்றவர்களின் குழிதான் அவருக்கும். அம்மாவைப் புதைத்துப் பதினாறு வருடம் ஆகிவிட்டதால் விதிப்படி எந்தத் தடையும் இல்லை. குழிக்கான சீட்டும் அத்தை பெயரில்தான் இருந்தது.

அரைமணி நேரத்தில் கொருக்குப்பேட்டையில் இருந்தார்.

தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றை அறை. சரக்கு ரயில் போனால் அலமாரியில் மாதா சுரூபம் நடுங்கும். ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் அத்தை இங்கேதான். கட்டிலில் சுருண்டு கிடந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

“யாரு செத்தா?”

“யாரும் சாவல அத்த. சும்மா பாக்க வந்தேன்.”

“மூணு கிறிஸ்மஸுக்கு வராதவன் சும்மா வந்துகீறான். அப்ப நான்தான் போப்போறேனா? டாக்டரு இன்னா சொன்னாரு?”

“டாக்டரே இன்னும் வர்லம்மா,” என்றாள் வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த கோவிந்தம்மா.

டாக்டரை சவரிநாதன் கூட்டிவந்தார். எலும்பு முறியவில்லை. ரத்தம் குறைவு, சாப்பாடு சரியில்லை, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஆட்டுக்கால் சூப் வந்தது. பேரீச்சம்பழம் வந்தது. குளியலறைத் தரைக்கு வழுக்காத விரிப்பு வந்தது. செடிக்கு ஈரம் பார்ப்பதுபோலத் தினமும் அத்தையின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். மெர்லின் சூப்பைப் பாத்திரத்தில் ஊற்றித் தருவாளே தவிர எதுவும் கேட்கமாட்டாள். அவளுக்குக் காரணம் தெரியும். நல்ல காரியம் நடக்கும்போது காரணத்தை ஏன் கிளறவேண்டும் என்று விட்டுவிட்டாள்.

ரகசியம் பத்தொன்பது நாள் நின்றது.

“சவரி, உண்மையச் சொல்லு,” என்றார் அத்தை. “ரூமு வாடக. கம்மலு கவரிங்கு. பென்சன் நான் செத்தா நின்னுபூடும். இன்னாத்துக்குடா இவ்ளோ சூப்பு?”

சரக்கு ரயில் ஒன்று போகத் தொடங்கியது. நீளமான ரயில். அது முடிவதற்குள் பொய் ஒன்று தயாராகிவிடும் என்று சவரிநாதன் எதிர்பார்த்தார். கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

“மரம் ஒண்ணு வெச்சிகீறேன் அத்த. அம்மா மேல.”

“எங்கண்ணி மேலயா?”

“காய் புடிச்சிகீது. ஜனவரில முத்தும். அதுக்குள்ள யாரும் தோண்டிட்டா…”

“அதுக்குள்ள நான் சாவக்கூடாது.”

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாயிற்று. சவரிநாதன் பதறித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

“இப்ப சிரிச்சே செத்துட்டா உன் காய் இன்னாடா ஆவும்?” என்று கேட்டு அத்தை மறுபடி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபந்தனை சொன்னார். “சரி, சாவல. ஆனா சூப்ப வெச்சிட்டு ஓடற வேல வேணாம். தெனம் ஒரு மணி நேரம் குந்து. எதுனா பேசு. உங்கப்பனும் இப்டித்தான், வந்து வாசப்படில நின்னுகினே போய்டுவான்.”

பேச சவரிநாதனிடம் மரத்தைத் தவிர எதுவும் இல்லை. முதல் சில நாள் பத்து நிமிடம் பேசிவிட்டு ஐம்பது நிமிடம் சுவரைப் பார்த்தார்கள். அந்த ஐம்பது நிமிடம் அவருக்கு முதலில் தண்டனையாக இருந்தது. பிறகு அப்படி இல்லை. ஏன் இல்லை என்று அவர் யோசிக்கவில்லை.

“பதினாறு வருசமா ஆணா பொண்ணான்னு தெரியாமயா வளத்தே?” என்று ஒருநாள் அத்தை கேட்டார்.

“காய்க்கிற வரிக்கும் சொல்ல முடியாது அத்த.”

“அப்ப என்னிய இன்னான்னு எழுதிப்பாங்க? எண்பத்தாறு வருசம், காய்க்கல.”

அதற்குப் பதில் அவர் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை. அன்று ஐம்பத்தைந்து நிமிடம் சுவரைப் பார்த்தார்கள்.

இன்னொரு நாள், கருத்தரிக்கும் விதத்தை விளக்கினார். “மகரந்தம் உள்ள போயி நாலஞ்சி மாசம் சும்மாதான் கெடக்கும். அப்பாலதான் அதுலேந்து உயிரணு வெளிய வந்து முட்டைகிட்ட நீந்திப் போவும். விதை வுடற மரங்கள்ல இப்டி நீந்தறது இதுவும் இன்னும் ஒரு மரமும்தான்.”

“அஞ்சி மாசம் யோசன பண்ணிட்டு அப்பால நீந்தறானா,” என்றார் அத்தை. “ரயில்வேல வேல பாத்திருப்பான்.”

ஆனால் ஜூலையில், கேட்காமலே, “இன்னிக்கு நீந்திகினு இருக்குமா?” என்று அவர்தான் கேட்டார்.

செப்டம்பரில் பங்குக் கோவிலின் குடும்ப விழா வந்தது. பெற்றோரையே மறந்துவிடும் இந்தக் காலத்தில் அத்தையைத் தாயாகப் போற்றும் மகன் என்று சவரிநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று கைதட்டல் கூடியது. சக்கர நாற்காலியில் இருந்த அத்தையிடம் இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

“எங்க சவரி என்னிய சாவ வுடவே மாட்டான்,” என்றார் அத்தை.

முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

நவம்பரில் அத்தைக்கு நெஞ்சுச்சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆக்சிஜன் குழாய் மாட்டிய மூன்றாம் நாள் சவரிநாதன் கோவிலில் போய் முழங்காலிட்டார். ஜனவரி பதினைந்துவரை, ஆண்டவரே. கொஞ்ச நேரம் கழித்து, விதை முற்றுவது ஒரு வாரம் முன்பின் ஆகலாம் என்று தோன்றி, ஜனவரி முடியும்வரை என்று திருத்திக்கொண்டார். எழுந்திருக்கும்போது முட்டி வலித்தது. தான் கேட்டது ஜெபமா, தவணையா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. சந்தேகத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

அத்தை பிழைத்தார். டாக்டர் மருந்து என்றார், பங்கு மக்கள் ஜெபம் என்றார்கள், கோவிந்தம்மா வீம்பு என்றாள்.

ஜனவரி பதினெட்டாம் தேதி விதைகள் ஆரஞ்சு நிறமாகிக் கையோடு வந்தன. நாற்பத்து மூன்று. கருத்தரிக்காத முட்டையும் இந்த இனத்தில் பெரிதாகிக் காயைப்போலவே பார்வைக்கு நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். இருபத்தாறு மிதந்தன. பதினேழு அடியில் போய் உட்கார்ந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே கொருக்குப்பேட்டைக்குப் போனார்.

அத்தை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “துன்லாமா?”

“வெசம் அத்த. ஆடு மாடு துன்னாக்கூட ஆபத்து.”

“இவ்ளோ பாடுபட்டு வெசத்தயா பெத்துச்சி?”

விதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். கோவிந்தம்மாவின் மகள் ஜோதிகாவை விட்டு எழுதவைத்து, அத்தை கையெழுத்துப் போட்டிருந்தார். நான் இறந்தால் என்னைப் பங்கின் பொதுக்குழியில் அடக்கம் செய்யவும், குடும்பக் குழியைத் திறக்க வேண்டாம்.

“ஆபீஸ்ல குடுத்துடு. உன் மரத்த இனிமே யாரும் தொடமாட்டாங்க. சொன்னமேரி ஜனவரி வரிக்கும் தாங்கிட்டேன். உனக்கும் அலைச்சல் வுட்டுது.”

நன்றி சொல்ல வாயெடுத்த சவரிநாதன், அது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று தோன்றி மூடிக்கொண்டார். கிளம்பும்போது, நாளைக்கு வருவாயா என்று அத்தை கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை அவர் கவனித்தார். கவனித்துவிட்டுப் படியிறங்கினார்.

கடிதம் அன்றே பங்கு அலுவலகத்தில் முத்திரை வாங்கியது.

மறுநாள் விதைகளின் சதையைக் கையுறை போட்டு நீக்க வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் ஆற்று மணல் தேட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் முட்டி வலி. நான்காம் நாள் வெயில். ஐந்தாம் நாளுக்குக் காரணம் கிடைக்கவில்லை, ஆகவே காரணம் இல்லாமலே போகவில்லை. ஆறாம் நாள் மாலை மெர்லின் அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“அத்தைக்கு வெச்ச சூப்பு எங்க?”

“நான் குடிச்சிட்டேன்.”

“நேத்து?”

“நேத்தும்.”

மறுநாள் மெர்லின் சூப் வைக்கவில்லை.

சவரிநாதன் தன்னைக் கெட்டவன் என்று நினைக்கவில்லை. போவதற்கு ஒரு காரணம் இருந்தது, அது முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே நியாயமாகப் பேசிப் பார்த்தார். கிரேனில் உட்கார்ந்த காலத்திலிருந்தே, எதைத் தூக்கி எங்கே வைப்பது என்று கீழேயிருந்து ஒருவர் கையசைத்தால்தான் அவருக்கு வேலை. காரணமே இல்லாமல் ஓர் இடத்துக்கு எப்படிப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. போனால் என்ன சொல்வது? விதைபற்றிப் பேச இனி ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள் கல்லறைத் தோட்டத்தில் அலெக்ஸாண்டர் எதிரே வந்தான்.

“மேட்டரு தெரியுமா சார்? உங்க அத்த நேத்து ஆட்டோல ஆபீஸுக்கு வந்துச்சி. அந்த மீன்காரம்மா கைத்தாங்கலா இட்டுனு வந்தாங்க. லெட்டர வாங்கி ஃபாதர் எதிர்லயே கிழிச்சிப் போட்டுச்சி.”

“ஏனாம்?”

“ஃபாதரும் அதான் கேட்டாரு. ‘பொதுக்குழில எனக்கு யாரயும் தெரியாது’ன்னு சொல்ச்சி.”

சவரிநாதன் கல்லறை விளிம்பில் உட்கார்ந்தார். தலைக்குமேல் மரம் புது இலை விட்டுக்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்காததுபோல. கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்தது கோபம் இல்லை. தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. “ரொம்ப பேஜாரு புடிச்ச கெயவி,” என்று அலெக்ஸாண்டர் கேட்க உரக்கச் சொல்லிவிட்டு, ஆட்டுக்கால் வாங்கக் கடைப்பக்கம் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொருக்குப்பேட்டையில் இருந்தார். அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரி, வெளுத்த புடவை உடுத்தி, யாரையோ எதிர்பார்த்ததுபோல.

“ஏன் அத்த கிழிச்ச?”

“நீ ஏன்டா வர்ல?”

சவரிநாதன் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். வாசலில் கோவிந்தம்மா ஒரு வஞ்சிரத்தின் தலையை வெட்டிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஒன்றும் கேட்காததால் மறுபடி வெட்டினாள்.

அத்தை முழுச் சூப்பையும் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அந்த மரம் எத்தினி வருசம் இருக்கும்?”

“நல்லா பாத்துக்கினா நூறு எரநூறு வருசம்கூட இருக்கும்னு சொல்றாங்க.”

“நல்லா பாத்துக்கினா,” என்று அத்தை திருப்பிச் சொன்னார். பிறகு தலையணையை முதுகுக்குச் சரிசெய்துகொண்டார். “எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல.”

சவரிநாதன் அவரைப் பார்த்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. முந்தாநாள் ஆட்டோவில் ஏறி இறங்கியவர். தனக்கோ அறுபத்தொன்று, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்தக் குழியை முதலில் திறக்கவைக்கப் போவது யார் என்று யோசித்துப் பார்த்தார். விடை பிடிக்காமல் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனார்.